மறுமொழி யாருக்கு உரியது? – சமூக ஊடகங்களில் எரிதமும் மறுமொழிக் கட்டுப்பாடும் பற்றிய ஒரு நோக்கு

1

சமூக ஊடகங்களில் எழுதுவோர் இன்று இருவகைத் தொல்லைகளை எதிர்நோக்குகின்றனர். ஒன்று, ஆங்கிலத்தில் ஸ்பாம் எனவும் தமிழிற் சிலரால் எரிதம் எனவும் வழங்கப்படும் வேண்டாச் செய்திகளின் பெருக்கம். மற்றையது, இகழ்ச்சியாகவும் மிரட்டலாகவும் வந்து குவியும் மறுமொழிகள். இவற்றைச் சமாளிப்பதற்கெனத் தளங்கள் பலவகை ஏற்பாடுகளைச் செய்துள்ளன. ருவிற்றர் 2020 ஓகஸ்ற் மாதத்தில், ஒரு பதிவுக்கு எல்லோரும் மறுமொழி இடலாமா, பதிவிட்டவர் பின்தொடர்வோர் மட்டும் இடலாமா, பெயர் சுட்டப்பட்டோர் மட்டும் இடலாமா எனத் தெரிவு செய்யும் வசதியை அனைவருக்கும் வழங்கியது. முகநூல் 2021இல் பொதுப் பதிவுகளுக்கு இதனையொத்த கட்டுப்பாட்டை அறிமுகஞ் செய்தது. குறித்த சொற்கள் இடம்பெறும் செய்திகளை மறைக்கும் வசதியை இன்ஸ்ரகிராம் அதே ஆண்டில் விரிவாக்கியது. யூரியூப்பிற் கருத்துரைகளை முன்னரே பார்வையிட்டு அனுமதிக்கவும், முற்றாக மூடிவிடவும் இயலும்.

இவ்வசதிகளைப் பயன்படுத்தும் முறை பற்றி வெளிவரும் அறிவுரைக் குறிப்புகள் இன்று தனியொரு எழுத்து வகையாகவே வளர்ந்துள்ளன. அவற்றின் மொழி கவனிப்புக்குரியது. துப்புரவு, களையெடுப்பு, பூட்டு, வேலி, வாயில் என்பனவே அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் படிமங்கள். எழுதுபவர் ஒரு வளவின் சொந்தக்காரர். மறுமொழி சொல்பவர் வெளியே நிற்கும் அந்நியர். எரிதம் காற்றில் வந்து விழும் குப்பை. குப்பை எங்கிருந்து வருகின்றது, வளவு உண்மையில் யாருடையது என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. சமூகப் பிரச்சினையொன்று தனிமனிதரின் வீட்டு வேலையாகச் சுருங்கிவிடுகின்றது.

மறுமொழி என்பது இலக்கிய விமரிசனத்தின் மூலப்பொருள்களுள் ஒன்று. கண்டனமும் கண்டனத்துக்கு மறுப்பும் இன்றி நவீன தமிழ் உரைநடையின் வளர்ச்சியையோ, ஈழத்து முற்போக்கு இலக்கியத்தின் எழுச்சியையோ விளக்குதல் இயலாது. ஆதலின் மறுமொழியைத் திறப்பதும் மூடுவதும் பற்றிய வினா இலக்கிய மாணவருக்கும் உரியதாகும். இதனைப் பண்பாட்டுற்பத்தியின் உடைமையுறவுகளோடு இணைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் மறுமொழி யாது எனத் தெளிதல் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் விடையை எட்டு வகையாகப் பகுக்கின்றது. நேராக உடன்படுதலும் மறுத்தலும் அவற்றுள் அடங்கும். எதிர்வினா எழுப்புதலும், வினவிய பொருளுக்கு இனமான பிறிதொன்றைச் சொல்லுதலும் அவற்றுள் அடங்குவனவே. இப்பகுப்பில் நமக்குப் பயன்படும் நுட்பமொன்று உண்டு. எட்டனுள் இறுதி ஐந்தும் நேரான விடைகள் அல்ல. எனினும் அவை வினாவின் பொருளோடு பொருந்தி விடையைத் தருதலால் விடையென ஏற்கப்படுகின்றன. அதாவது ஒரு கூற்றை விடையாக்குவது அதன் இனிமையோ பணிவோ அன்று. முன்னர் நிகழ்ந்த கூற்றோடு அது கொள்ளும் பொருளுறவே ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் மார்க்சிய மொழிச் சிந்தனை வேறொரு வழியால் இதே இடத்துக்கு வந்துசேர்ந்தது. வொலோஷினோவ் 1929இல் வெளியிட்ட மொழித் தத்துவ நூலில், எந்தவொரு கூற்றும் தனித்து நிற்பதில்லை எனவும், முன்னைய கூற்றுக்கு மறுமொழியாகவும் அடுத்த மறுமொழியை எதிர்நோக்கியதாகவுமே அது அமைகின்றது எனவும் நிறுவினார். சொல் வர்க்க முரண்பாடுகள் மோதும் களமாக இருப்பதும் இதனாலேயே என்பது அவர் கருத்து.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, எரிதமும் கடுமையான மறுப்பும் தம்முள் முற்றிலும் வேறுபட்டவை என்பது புலனாகும். ஒரு சிறுகதை பற்றிய பதிவின் கீழ் வந்து, அக்கதையின் சாதியப் பார்வை பிற்போக்கானது என ஒருவர் சினத்தோடு எழுதுவாராயின் அது மறுமொழி. அதே பதிவின் கீழ் நாணய முதலீட்டுக்கு அழைப்பு விடுக்கும் செய்தி, பதிவு எதுவாயினும் அதே வடிவில் வந்திருக்கும். அதற்குப் பொருளுறவு இல்லை. இடம் மட்டுமே வேண்டும். மிரட்டலோ பிறிதொரு வகையினது. அது கூற்றோடு உறவு கொள்கின்றது. ஆனால் கூறியவரை மௌனிக்கச் செய்து உரையாடலையே முடித்துவிடுவது அதன் நோக்கம். இம்மூன்றையும் 'தொல்லை' என்னும் ஒரே சொல்லில் அடக்கி, ஒரே பொத்தானால் தீர்த்துவிட முனைவதே இன்றைய ஏற்பாடுகளின் அடிப்படைக் குறைபாடு எனலாம்.

3

எரிதத்தின் வரலாறு அதன் பொருளாதாரத்தை வெளிப்படுத்துகின்றது. 1978 மே மாதத்தில் அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலர், இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் வழியாக ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரச் செய்தியை அனுப்பினார். இத்தகைய செய்திகளுள் முதலாவதாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது இதுவே. 1994 ஏப்ரிலில் அமெரிக்க வழக்குரைஞர் இருவர், குடிவரவு அனுமதிச் சீட்டிழுப்புக்கு உதவுவதாகக் கூறும் விளம்பரத்தை யூஸ்நெற் என்னும் கலந்துரையாடற் களத்தின் 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் இட்டனர். 'ஸ்பாம்' என்னும் பெயர் 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தகரத்தில் அடைத்த இறைச்சியின் பெயர். 1970இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைக் காட்சியொன்றில் அப்பெயர் ஓயாது ஒலித்து ஏனைய பேச்சையெல்லாம் மூழ்கடித்தது. எரிதத்துக்குப் பெயர் அங்கிருந்தே வந்தது.

1978க்கும் 1994க்கும் பொதுவான அம்சம் ஒன்றுண்டு. அனுப்புவோரின் செலவு ஏறத்தாழப் பூச்சியம். வாசிக்கும் நேரம், அழிக்கும் உழைப்பு, வலையமைப்பின் கொள்ளளவு ஆகிய செலவுகள் யாவும் பெறுவோரின் தலையில் விழுகின்றன. இலாபம் தனியாருக்கும் செலவு சமூகத்துக்குமாகப் பங்கிடப்படும் இந்த ஒழுங்கு முதலாளித்துவத்தின் புறநடை அன்று, அதன் வழமை.

டலஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், வணிகத் தொடர்பூடகங்கள் உண்மையில் விற்கும் பண்டம் நிகழ்ச்சிகள் அல்ல. பார்வையாளரே விளம்பரதாரருக்கு விற்கப்படும் பண்டம் என வாதிட்டார். இக்கருத்து அன்றைய தொலைக்காட்சியை விட இன்றைய தளங்களுக்கே முழுமையாகப் பொருந்துகின்றது. முகநூலையும் இன்ஸ்ரகிராமையும் உடைமையாகக் கொண்ட மெற்றா நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருமானம் 134.9 பில்லியன் டொலர். அதில் 131.9 பில்லியன் விளம்பரங்களினாற் கிடைத்தது. அழைக்கப்படாமல் வந்து கவனத்தைக் கவரும் வணிகச் செய்தி என்ற வகையில் விளம்பரமும் எரிதமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சுங்கம் செலுத்தி உள்ளே வருவது விளம்பரம். செலுத்தாது நுழைவது எரிதம். எரிதத்தின் மீது தளங்கள் கொள்ளும் கோபத்தில் சுங்க அதிகாரியின் கோபமும் கலந்துள்ளது.

ருவிற்றரின் அண்மைக்கால வரலாறு இதனை ஐயந்திரிபற விளக்குகின்றது. 2022 ஒக்ரோபரில் அது 44 பில்லியன் டொலருக்கு எலன் மஸ்க்கின் உடைமையாகி, அடுத்த ஆண்டில் எக்ஸ் எனப் பெயர் மாறியது. 2022 டிசெம்பரில் மீள அறிமுகமான மாதச் சந்தாவைச் செலுத்துவோரின் மறுமொழிகளுக்கு வரிசையில் முன்னுரிமை வழங்கப்பட்டது. எரிதத்தை எதிர்ப்பதற்கான வழியென இது நியாயப்படுத்தப்பட்டது. 2023 யூலையில், மறுமொழிகளுக்கிடையே காட்டப்படும் விளம்பரங்களின் வருவாயில் ஒரு பங்கு, சந்தா செலுத்தியோரும் பெருந்தொகைப் பார்வையாளரைக் கொண்டோருமான பதிவர்க்கு வழங்கப்படலாயிற்று. எத்தகைய மறுமொழியாயினும், அது கூட்டத்தைக் கூட்டினாற் பணமாயிற்று. பிறர் பதிவின் கீழ்ப் பொருளற்ற ஒற்றை வரிகளை இட்டுச் செல்வோர் பெருகியதற்கு இது போதிய காரணமாகும். எரிதத்தைத் தடுக்கவென அமைத்த வாயிலே அதனை உற்பத்தி செய்யும் பட்டறையாக மாறிற்று.

1932இல் வானொலி பற்றி எழுதிய பிரெக்ற், கேட்போரைப் பேசவும் வைக்கும் தொடர்புக் கருவியாக அதனை மாற்றுதல் வேண்டும் எனக் கோரினார். கேட்போருக்கு வாய் கிடைத்தாற் போதும், பொதுக்களம் ஜனநாயகமாகிவிடும் என்னும் நம்பிக்கை பின்வந்த பலருக்கும் இருந்தது. வாய் இன்று கிடைத்துள்ளது; கருவியின் உடைமை மாறவில்லை. பிரெக்ற் தாமும் அன்றைய சமூக அமைப்பினுள் இது நிறைவேறாது என்பதை உணர்ந்தே எழுதினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

4

வடிகட்டல் இயந்திரத்தின் வேலை என்பது பரவலான எண்ணம். அதன் பின்னால் மறைந்துள்ள உழைப்பை இவ்வெண்ணம் கண்ணுக்குப் புலனாகாமற் செய்கின்றது. 2019இன் முதற் காலாண்டில் மட்டும் ஏறத்தாழ 2.2 பில்லியன் போலிக் கணக்குகளை நீக்கியதாக முகநூல் அறிவித்தது. இத்தகைய பணி பெரும்பாலும் இயந்திரத்தால் நிகழ்வது. ஆனால் வன்முறைக் காட்சியையும் வெறுப்புரையையும் பார்த்துத் தீர்மானிப்போர் மனிதரே. அவ்வேலையால் உளப்பாதிப்புக்கு உள்ளான அமெரிக்க மதிப்பீட்டாளர் தொடுத்த வழக்கில், 2020 மே மாதத்தில் முகநூல் 52 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது.

இவ்வுழைப்பு மொழிகளுக்கிடையே சமமாகப் பங்கிடப்படவில்லை. நமது நாட்டின் அனுபவம் இதற்குக் கசப்பான சான்றாகும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதியில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள் முகநூலில் தடையின்றிப் பரவின. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. தனது தளம் அவ்வன்முறையில் வகித்த பங்குக்காக நிறுவனம் 2020 மே மாதத்திலேயே மன்னிப்புக் கோரியது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு நுண்ணிய மறுமொழி அமைப்புகள் வகுக்கப்பட்ட அதே காலத்தில், சிங்களத்தை வாசித்து விளங்கக்கூடிய போதிய ஆட்களே அங்கு இருக்கவில்லை.

தமிழில் இப்பிரச்சினை வேறொரு வடிவங் கொள்கின்றது. விலக்க வேண்டிய சொற்களைப் பதிவர் தாமே பட்டியலிடும் வசதி, சொற்கள் பெரிதும் மாறாது நிற்கும் மொழியை மனத்திற் கொண்டது. தமிழில் ஒரு பெயர்ச்சொல் வேற்றுமையுருபும் விளியும் பன்மை விகுதியும் ஏற்றுப் பல வடிவங்களில் வரும். சந்தி அதன் ஈற்றையே மாற்றும். முழுச்சொல்லை மட்டும் ஒப்பிடும் வடிகட்டிக்கு 'நாய்' அகப்படும், 'நாயே' தப்பிவிடும். உரோம எழுத்தில் எழுதப்படும் தமிழ் இன்னும் எளிதில் தப்பிவிடும்.

இதனினும் பாரதூரமானது எந்தச் சொல் இழிந்தது என்னும் தீர்ப்பு. 1960களில், ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு மொழியைப் புனைகதையிற் கையாண்ட எழுத்தாளரை நோக்கி 'இழிசனர் வழக்கு' என்னும் வசை வீசப்பட்டது. அவ்வழக்கே பின்னர் ஈழத்துப் புனைகதையின் வலிமையாயிற்று. கே. டானியல் 1972இல் வெளியிட்ட நாவலின் பெயர் 'பஞ்சமர்'. சாதிப்பெயர்களை இழிசொல்லெனக் கொண்டு விலக்கும் ஒரு வடிகட்டி அந்நாவலின் தலைப்பையே விலக்கும். சாதியத்தைக் கொண்டாடுவோனின் வாயிலும், அதனை எதிர்த்து நிற்போனின் வாயிலும் ஒரே சொல் இருவேறு பொருள் பெறுகின்றது. சொல் போராட்டக்களம் என்பதன் பொருள் இதுவே. பட்டியலுக்கு அந்தப் போராட்டம் தெரியாது.

5

மறுமொழியை மூடுதல் நல்லதா, தீயதா? இவ்வினாவைப் பொதுப்பட எழுப்புதல் பயனற்றது. யார், யாருக்கு எதிராக மூடுகின்றனர் என்பதே வினா.

சாதியம் பற்றியோ பாலியல் வன்முறை பற்றியோ எழுதும் ஒரு பெண், ஒரே இரவில் நூற்றுக்கணக்கான இழிவுரைகளுக்கு இலக்காகும்போது மறுமொழியை மூடுவது தற்காப்பு. அதனைக் 'கருத்துச் சுதந்திர மறுப்பு' எனக் குற்றஞ்சாட்டுவோர், அப்பெண்ணின் கருத்துச் சுதந்திரம் முதலிற் பறிக்கப்பட்டதைக் காண மறுப்போரே. ஓர் அமைச்சரோ, மாநகர முதல்வரோ, அரச திணைக்களமோ பொது அறிவித்தலின் கீழ் மறுமொழியை மூடுவது முற்றிலும் வேறொரு செயல். அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் தம்மை விமரிசித்தோரை ருவிற்றரில் தடுத்தமை அரசியலமைப்புக்கு முரணானது என 2018இலும் 2019இலும் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அவர் பதவி நீங்கியபின் வழக்கு பொருளிழந்ததெனக் கருதி உயர் நீதிமன்றம் 2021இல் அத்தீர்ப்பை நீக்கியது. பின்னர் 2024 மார்ச்சில் வேறொரு வழக்கில், அலுவலர் அரசின் சார்பிற் பேசும் அதிகாரம் உடையவராய் அப்பதிவில் அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தியவராயின் மட்டுமே அவரது தடுப்பு அரசின் செயலாகும் என அந்நீதிமன்றம் விதித்தது. பொத்தான் ஒன்றே, அதனை அழுத்தும் கை எத்தகைய சமூக அதிகாரத்தின் கை என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகின்றது.

'தளம் தனியார் உடைமை. யாரை உள்ளே விடுவது என்பது உடைமையாளரின் விருப்பம்' என்னும் வாதம் இவ்விடத்து எழுதல் கூடும். இவ்வாதம் ஈழத்தமிழர்க்குப் புதியதன்று. கோயிலும் தேநீர்க்கடையும் தனியாராலோ குறித்த சாதியினராலோ நிருவகிக்கப்பட்டன. ஆயினும் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், அத்தகைய இடங்களிற் சாதியின் பெயரால் நுழைவை மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் மட்டும் கதவைத் திறக்கவில்லை என்பதை 1968இன் மாவிட்டபுரம் போராட்டம் காட்டியது. எனினும் அடிப்படைக் கோட்பாடு அங்கு நிலைநாட்டப்பட்டது: பொதுமக்கள் பயன்படுத்தும் இடத்தின் வாயிலை உடைமையுரிமை மட்டும் தீர்மானித்தல் ஆகாது.

தளங்களின் வாயில் இன்று உண்மையிற் பதிவரின் கையிலும் இல்லை. 2024இன் இறுதியில் எக்ஸ் தளம் தடுத்தல் வசதியின் பொருளை மாற்றி, தடுக்கப்பட்டோரும் பொதுப் பதிவுகளைப் பார்க்கலாம் என ஆக்கியது. தற்காப்புக்கென அதனை நம்பியிருந்தோரின் சம்மதம் கேட்கப்படவில்லை. அறிவுரைக் குறிப்புகள் வேலி என வருணிப்பது உண்மையில் நிலவுடைமையாளன் குடியானவனுக்குத் தற்காலிகமாகத் தந்த தட்டி மட்டுமே.

அரசின் கையில் வாயிலை ஒப்படைப்பதும் தீர்வன்று. 2024 ஜனவரி 24ஆந் திகதி நாடாளுமன்றம் 62 வாக்குகளுக்கு எதிராக 108 என நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்று எது எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் அளித்தது. வெறுப்புரையாற் பாதிக்கப்பட்ட சிறுபான்மையினரின் பெயரைச் சொல்லி வரும் இத்தகைய அதிகாரம், அச்சிறுபான்மையினரின் எதிர்ப்புக்குரலின் மீதே பாயக்கூடும் என்பதை இந்நாட்டின் அவசரகால விதிகளின் வரலாறு அறிந்தோர் எளிதில் உணர்வர்.

6

நிறுவனமும் அரசும் தவிர்ந்த பிறிதொரு மரபு நமக்கு உண்டு. அது சிற்றிதழின் மரபு. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை'யும், 1975 முதல் வெளிவந்த 'அலை'யும் மாறுபட்ட அழகியல் நிலைப்பாடுகளைக் கொண்டவை. முற்போக்கு அணியின் விமரிசகரும் அவர்களை மறுத்தோரும் இவைபோன்ற இதழ்களின் வழியே ஒருவருக்கொருவர் மறுமொழி கூறினர். அவ்விதழ்களிலும் வாயில் இருந்தது. வந்தவை அனைத்தும் அச்சேறியதில்லை. சார்பும் குழுமனப்பான்மையும் அங்கு இல்லாமலும் இல்லை. ஆனால் தேர்ந்தவர் யார் என்பது தெரியும். அவருக்குப் பெயரும் முகவரியும் இருந்தன. அவர் மறுத்ததை வேறோர் இதழில் வெளியிட்டு, அவரையே கண்டிக்க முடியும். அல்கோரிதத்தை அவ்வாறு கண்டிக்க முடியாது. தன் மறுமொழி ஏன் அடியில் புதைந்தது என்பதை எழுதியவர் அறிவதேயில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பெப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த எண்மச் சேவைகள் சட்டம் இத்திசையில் ஓரடி வைத்துள்ளது. பதிவை நீக்கும்போது காரணங் கூறுதலும், முறையீட்டுக்கு வழிவிடுதலும், பயனரின் சுயவிபரத்தைச் சாராத வரிசை முறையொன்றையேனும் மிகப் பெரிய தளங்கள் வழங்குதலும் அங்குக் கட்டாயம். சந்தையின் எல்லைக்குள் நிற்கும் சீர்திருத்தமே எனினும், அதனை நாமும் கோருதல் தகும்.

அதுவரை, இலக்கிய அமைப்புகளும் ஆய்வு வட்டங்களும் தம் பக்கங்களிற் செய்யக்கூடியன சில உண்டு. எரிதம், மிரட்டல், மறுப்பு ஆகிய மூன்றையும் பிரித்தறியும் விதிகளை எழுதிப் பகிரங்கப்படுத்தல் முதலாவது. மறுமொழியை அடியோடு மூடுவதினும், வெளியிடுமுன் பார்வையிடும் முறையைக் கைக்கொள்ளல் நன்று. அவ்வேலை ஒருவர் மேல், அதிலும் வசைக்கு இலக்காகும் பெண் மேல், விழாது கூட்டாகப் பகிரப்படல் வேண்டும். பார்வையிடுவோரின் பெயர்கள் வாசகருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். எரிதத்தையும் மிரட்டலையும் தயங்காது நீக்கலாம். மிரட்டலை நீக்குமுன் பதிவாகச் சேமித்தல் அவசியம். தம்மை மறுத்து எழுதப்பட்டதை மட்டும், அது எவ்வளவு கடுமையாயினும், நீக்கலாகாது.

இறுதியாகக் கூறிய விதியே மிகக் கடினமானது. எரிதத்தைத் துடைக்கும் கையால் எதிர்வாதத்தையும் துடைத்துவிடுதல் மிக எளிது. அதனைச் செய்தவர் தவிர வேறெவரும் அறியார். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நம்மவரிடையே, உடன்படுவோர் மட்டும் நுழையும் பக்கங்கள் இன்று பெருகி வருகின்றன. அங்குப் பாராட்டு உண்டு; விமரிசனம் இல்லை. ஈழத்து முற்போக்கு இலக்கியம் தன் எதிரிகளுக்கு மறுமொழி கூறியே தன்னை வரையறுத்துக் கொண்டது. மறுமொழி கேட்கும் திராணியை இழக்கும் இயக்கம், கூறும் தகுதியையும் காலப்போக்கில் இழந்துவிடும்.